ட்ரிங்கின் கடைசி எழுத்து

‘ட்ரிங்’ என்ற சொல் தமிழ் இலக்கணத்தை வரிசையாக மீறிக்கொண்டே போகிறது. புள்ளி வைத்த எழுத்தில் தமிழ்ச்சொல் தொடங்கக் கூடாது, இது தொடங்குகிறது. சரி, அந்த ‘ட்’டுக்கு ஓர் உயிரெழுத்தைக் கொடுத்து ‘டிரிங்’ என்று எழுதிவிடலாம் என்றால், ட வரிசையே சொல்லுக்கு முதலில் வராது என்கிறார் தொல்காப்பியர். ‘ட்’டுக்குப் பின்னால் க, ச, ப வரலாம், ர வரக் கூடாது. கடைசியில் நிற்கும் ‘ங்’ இன்னும் மோசம். எப்போதும் பின்னால் ஒரு க-வைக் கூட்டிக்கொண்டு நடமாடுகிற எழுத்து அது, ஒரு சொல்லைத் தனியாக முடித்துவைக்கும் அதிகாரம் அதற்கு இல்லை. மூன்று எழுத்து, நான்கு மீறல்.

ஆனால் தொண்ணூறுகளில் எழுத்துக்கூட்டி வாசிக்கப் பழகிய எங்களில் ஒருவரும் இந்தச் சொல்லைப் பார்த்துத் தடுமாறியதில்லை. சிவகாசியிலிருந்து வந்த முத்து காமிக்ஸ், லயன் காமிக்ஸ் பக்கங்களில் கட்டத்தின் மூலையில் ஒரு கறுப்பு டெலிபோன் நடுங்கிக்கொண்டிருக்கும். மேலே ‘ட்ரிங்! ட்ரிங்!’ என்று இருக்கும். எழுத்து தெரியாத தம்பி தங்கைக்கும் அது புரிந்தது. டமடம, லொடலொட என்று இதற்கு முன்பே மீறியவை நிறைய உண்டு. சத்தம் என்று வந்துவிட்டால் இலக்கணம் கொஞ்சம் கண்ணை மூடிக்கொள்ளும்.

ஒரேயடியாக மூடிக்கொள்வதும் இல்லை. இப்படிப்பட்ட முரட்டு ஒலிகளை வாக்கியத்துக்குள் அழைத்து வருவதற்கென்றே தமிழில் ஒரு ஏற்பாடு இருக்கிறது. ‘என’ என்ற இடைச்சொல். அது வினை, குறிப்பு, இசை, பண்பு, எண், பெயர் என்று ஆறு வகையில் வரும் என்று தொல்காப்பியம் பிரித்துச் சொல்கிறது. நாம் பேசும்போது இது ‘ன்னு’ ஆகிவிடுகிறது. போன் ட்ரிங்குன்னு அடிச்சுது. சுருக்குன்னு குத்துச்சு. பளிச்சுன்னு இருந்துச்சு. முதலாவது இசை, அதாவது காதால் கேட்டது. அடுத்த இரண்டும் குறிப்பு, உடம்பாலும் கண்ணாலும் உணர்ந்தவை. சங்கப் பாடல்களில் ‘ஒல்லென’, ‘கல்லென’, ‘இழுமென’ என்று வருவதும் இதே கதவு வழியாகத்தான். சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை தொகுதி தொகுதியாக வெளியிட்ட பேரகராதியைப் புரட்டினால் கணகணெனல், கலகலெனல் என்று ‘எனல்’ ஒட்டிய பதிவுகள் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும். சத்தத்தை அப்படியே பதிவு செய்யாமல் ‘என்று சொல்லுதல்’ என்று பதிவு செய்திருக்கிறார்கள். அதாவது, தமிழில் மணி ஒலிப்பது மட்டுமில்லை, எதையோ சொல்கிறது.

இது தமிழின் தனிச்சொத்து என்று மார்தட்ட வேண்டாம். நீலகிரியில் தோடர், கோத்தர் மொழிகளை 1930களில் ஆராய்ந்த எமனோ, 1969இல் எழுதிய ஒரு கட்டுரையில் இந்த ஒலிக்குறிப்புச் சொற்களை ஆராய்ந்து, மொழிக்குடும்ப வேறுபாடு இல்லாமல் இந்திய மொழிகள் பலவும் பங்குபோட்டுக்கொள்ளும் குணம் இது என்று காட்டினார். ஒரே வெயில், ஒரே மழை, ஒரே மாட்டுமணி. பக்கத்து பக்கத்தில் இருந்து ஒரே சத்தத்தைக் கேட்டவர்களுக்கு ஒரேமாதிரி சொல் வந்திருக்கிறது.

இந்தக் கட்டுரை முழுக்க எனக்கு முக்கியமாகப் படுவது அந்தக் கடைசி விஷயம்தான். ஒலிக்குறிப்புச் சொல் பிறக்க வேண்டுமென்றால் ஒரு சத்தத்தை ஊரே சேர்ந்து கேட்டிருக்க வேண்டும்.

*

மணி நமக்குப் பழைய விஷயம். ‘மணி என்ன?’ என்று கேட்டால் நேரத்தைச் சொல்கிறோம், அடிக்கப்பட்ட மணியிலிருந்துதான் நேரத்தைத் தெரிந்துகொண்டோம் என்பதால். கன்றை இழந்த பசு இழுத்த ஆராய்ச்சி மணியின் கதை எல்லோருக்கும் தெரியும். அந்த மனுநீதிச் சோழனுக்குச் சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் சிலைகூட இருக்கிறது. அந்தக் கதையில் நான் கவனிப்பது நீதியை அல்ல, கருவியை. வெளியே நிற்பவர் கயிற்றை இழுத்தால் உள்ளே இருப்பவர் எழுந்து வந்தே ஆக வேண்டும். பிற்காலத்தில் ஒவ்வொரு வீட்டுக் கூடத்திலும் வந்து உட்கார்ந்துகொண்டது இதே ஏற்பாடு.

டெலிபோனைக் கண்டுபிடித்தவர் பெயரே மணி. ஆனால் கிரகாம் பெல் 1876இல் காப்புரிமை வாங்கிய கருவியில் மணி கிடையாது. அந்தப் பக்கம் ஆளைக் கூப்பிட, கருவிக்குள் கத்த வேண்டும், அல்லது தட்ட வேண்டும். பெல்லின் உதவியாளர் தாமஸ் வாட்சன்தான் 1878 வாக்கில் மின்காந்தத்தால் அடிக்கும் மணியைச் சரியாகச் செய்து முடித்தார். நல்லவேளையாக, அது நம் ஊருக்கு மணியோடுதான் வந்து சேர்ந்தது. ஓரியண்டல் டெலிபோன் கம்பெனிக்கு 1881இல் உரிமம் கிடைத்தது. 1882 ஜனவரி 28 அன்று கல்கத்தா, பம்பாய், மதராஸ் இணைப்பகங்கள் முறைப்படி திறக்கப்பட்டன. அப்போது தாம்பரம் செங்கல்பட்டுப் பாதையில் ஒரு கிராமம். சென்னைக் கிறித்துவக் கல்லூரி அங்கே குடிபெயர்ந்ததே 1937இல்தான்.

இந்த மணி எப்படி வேலை செய்தது என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். பொறியியல் படித்த பாவத்துக்கு இதையாவது செய்யவில்லை என்றால் எப்படி. கறுப்பு டெலிபோனின் அடிவயிற்றில் இரண்டு உலோகக் கிண்ணங்கள், நடுவில் ஒரு சின்ன சுத்தியல். இரண்டு கிண்ணங்களின் சுருதியும் கொஞ்சம் வேறுபடும். யாராவது கூப்பிட்டால் இணைப்பகம் அந்த ஒயரில் 75 வோல்ட் அளவில் மாறுதிசை மின்சாரத்தை அனுப்பும், நொடிக்கு 25 சுற்று வேகத்தில். மின்சாரம் ஒரு பக்கம் பாயும்போது சுத்தியல் இந்தக் கிண்ணத்தில் மோதும், திரும்பிப் பாயும்போது அந்தக் கிண்ணத்தில். (போன் ஒயரைக் கழற்றிக் கையில் வைத்திருக்கும் நேரத்தில் யாராவது கூப்பிட்டுத் தொலைத்தால் சுருக்கென்று ஒரு இழுப்பு இழுக்கும். மணியின் சத்தத்தை உடம்பால் கேட்ட தலைமுறை லைன்மேன்கள்.)

இப்போது ‘ட்ரிங்’கை மறுபடி சொல்லிப் பாருங்கள். ‘ட்’ என்பது சுத்தியலின் முதல் மோதல். ‘ர்’ என்பது தொடர்ந்து விழும் அடிகள். நாம் நாக்கை உருட்டி நீளமாக ‘ர்ர்ர்’ சொல்லும்போது நாக்கு நொடிக்கு ஏறக்குறைய 25 முதல் 30 தடவை மேலண்ணத்தைத் தொடுகிறது. சுத்தியல் ஒரு கிண்ணத்தைத் தொடும் வேகமும் கிட்டத்தட்ட அதுதான்! ‘இ’ சின்னக் கிண்ணத்தின் கீச்சு. பெரிய கோயில் மணிக்கு நாம் ‘இ’ போடுவதில்லை, ‘டாங்’ என்போம். கடைசி ‘ங்’ மூக்கில் நிற்கும் ஒலி. அடி நின்ற பிறகும் உலோகம் கொஞ்ச நேரம் அதிர்ந்துகொண்டிருக்குமே, அது. டிங், டாங், டண், கிண் என்று உலோகம் ஒலிக்கும் இடத்திலெல்லாம் சொல் மூக்கில் முடிவதைப் பாருங்கள். மரக்கதவைத் தட்டினால் ‘டொக்’ என்று அறுந்துவிடும். இலக்கணம் அனுமதிக்காத அந்த ‘ங்’தான் இந்தச் சொல்லின் உயிர். உலோகம் இருந்ததற்கான சாட்சி அது.

இதைவிட எனக்குப் பிடித்த செய்தி ஒன்று உண்டு. அமெரிக்காவில் டெலிபோன் இரண்டு நொடி விடாமல் அடித்துவிட்டு நான்கு நொடி ஓயும். நம் நாட்டில் அப்படி அல்ல. பிரிட்டிஷ்காரர்களின் வழக்கப்படி 0.4 நொடி அடி, 0.2 நொடி இடைவெளி, மறுபடி 0.4 நொடி அடி, பிறகு 2 நொடி ஓய்வு. ட்ரிங்-ட்ரிங். ட்ரிங்-ட்ரிங். இணைப்பகமே இரட்டைக்கிளவியில் பேசியது. இந்தத் தாளத்தால்தான் நாம் இரட்டித்துச் சொன்னோம் என்று சொல்ல மாட்டேன். சலசல, மடமட என்று எதையும் இரட்டிக்கிற மொழி இது, டெலிபோன் எட்டு நொடி விடாமல் அடித்திருந்தாலும் நாம் இரண்டாக்கித்தான் கேட்டிருப்போம். ஆனாலும் லண்டனில் யாரோ முடிவு செய்த தாளம் நம் இலக்கணத்துக்கு இவ்வளவு கச்சிதமாகப் பொருந்தியதில் ஒரு சந்தோஷம் இருக்கத்தான் செய்கிறது.

*

எங்கள் தலைமுறைக்கு இரட்டைக்கிளவி என்ற சொல்லை அறிமுகம் செய்தது இலக்கணப் புத்தகம் அல்ல, 1998இல் வந்த ‘ஜீன்ஸ்’ படத்தின் பாட்டு. அதற்கு இரண்டு வருடம் முன்பு ‘இந்தியன்’ படத்தில் ஒரு பெண்ணின் சிரிப்பை டெலிபோன் மணிக்கு ஒப்பிட்டுப் பாட்டு வந்தது. இரண்டுக்கும் இசை ரஹ்மான்தான். இன்று ஒரு பெண்ணிடம் ‘உன் சிரிப்பு போன் ரிங்டோன் மாதிரி இருக்கு’ என்று சொல்லிப் பாருங்கள், என்ன கிடைக்கிறது என்று. 1996இல் அது பாராட்டு. ஏனென்றால் டெலிபோன் மணி அப்போது அபூர்வமான, காத்திருந்து கேட்கிற சத்தம்.

எவ்வளவு அபூர்வம் என்பதைத் தென்சென்னைப் புறநகர்க்காரர்களைக் கேட்க வேண்டும். சேலையூர், இராஜகீழ்ப்பாக்கம், முடிச்சூர், பெருங்களத்தூர் பக்கமெல்லாம் வயல்கள் மனைகளாகி, மனைகள் வீடுகளாகி, தண்ணீர்க் குழாய்க்கும் தார்ச்சாலைக்கும் முன்பே மனிதர்கள் வந்து குடியேறிவிட்ட இடங்கள். போனுக்கு எழுதிப் போட்டுவிட்டு வருடக்கணக்கில் காத்திருப்பார்கள். தெருவுக்கு ஒரு வீட்டில் போன் இருக்கும். மற்ற எல்லோரும் அந்த எண்ணைத் தங்கள் விசிட்டிங் கார்டிலும் கல்யாணப் பத்திரிகையிலும் போட்டு, பக்கத்தில் ‘பிபி’ என்று சேர்த்துக்கொள்வார்கள். அந்த எண்ணுக்குக் கூப்பிட்டு, இன்னாரை அழையுங்கள் என்று கேட்க வேண்டும். ஒரு முழு தெருவின் பிறப்பும் இறப்பும் வேலை உத்தரவும் ஒரு வீட்டுக் கூடத்தில் வந்து இறங்கின.

கிழக்குத் தாம்பரத்தில் எங்கள் தெருவுக்கு அந்த வீடு எதிர்வீட்டு மாமியுடையது. மணி அடித்தால் அவர் வீட்டில் மட்டும் அல்ல, நாலு வீட்டில் பேச்சு நிற்கும். கை கழுவாமல் காத்திருப்பார்கள். மாமி எடுத்து, கேட்டு, திண்ணைக்கு வந்து குரல் கொடுப்பார். ‘கோடி வீட்டக்கா, ஒங்களுக்குத்தான், திருச்சிலேருந்து! பத்து நிமிஷத்துல திரும்பப் போடறாங்களாம்!’ அந்தப் பத்து நிமிடத்தில் கோடி வீட்டு அக்கா தலையை வாரிக்கொண்டு வந்து மாமி வீட்டுக் கூடத்தில் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருப்பார். ராத்திரி பதினொரு மணிக்கு மேல் அந்த மணி அடித்தால் எந்த வீட்டிலும் யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள். நல்ல செய்தி விடிந்த பிறகுதான் வரும்.

மாத நாவல்கள் எழுதியவர்கள் இந்தச் சத்தத்தை நன்றாகக் கேட்டிருக்கிறார்கள். ராஜேஷ்குமார், பட்டுக்கோட்டை பிரபாகர், சுபா காலத்துத் துப்பறியும் கதைகளில் டெலிபோன் வெறுமனே ஒலிக்காது. சிணுங்கும். அலறும். சிணுங்குவது குழந்தை செய்கிற வேலை, தூக்கி எடுக்கும்வரை ஓயாது. ஒரு யந்திரத்துக்கு இந்த வினையைப் பொருத்திய அந்த முதல் ஆள் யாராக இருந்தாலும் அவருக்கு ஒரு வணக்கம். பேச்சிலோ ‘அடி’தான். மணி அடிக்குது, போன் அடிக்குது, அப்புறம் மணியே இல்லாத காலத்திலும் ‘போன் அடி, சொல்றேன்’.

ஊருக்குள் கையால் சுற்றி அழைக்கிற போன்கள் போய் வெகுகாலம் ஆன பிறகும் ரயில்வே கேட்டுகளில் அவை இருந்தன. மேம்பாலம் வருவதற்கு முன் பெருங்களத்தூர் கேட்டில் மாட்டிக்கொண்டு நின்ற எல்லோருக்கும் அந்தக் காத்திருப்பு தெரியும். கேட்மேனுக்கு அழைப்பு வரும் அந்த மணியில் 0.4 நொடிக் கணக்கெல்லாம் கிடையாது. அந்தப் பக்கம் ஸ்டேஷனில் கைப்பிடியைச் சுற்றுகிறவரின் மணிக்கட்டு எவ்வளவு சுற்றுகிறதோ அவ்வளவு. அவசரமும் அலுப்பும் மணியிலேயே தெரிந்துவிடும்.

*

இலக்கண ஆசிரியர்கள் வழக்கமாகச் சொல்வது: அடுக்குத்தொடரைப் பிரித்தால் பொருள் தரும், இரட்டைக்கிளவியைப் பிரித்தால் தராது. ‘சல’ என்று தனியாக ஒன்றும் இல்லை. ‘பாம்பு பாம்பு’ என்பதில் ஒரு பாம்பும் பாம்புதான். அப்படியானால் ‘ட்ரிங் ட்ரிங்’ எது?

ஒரு காலம்வரை சந்தேகமில்லாமல் இரட்டைக்கிளவி. ஒற்றை ‘ட்ரிங்’குக்குப் பொருளே இல்லை, ஏதோ லைன் கோளாறு என்று அர்த்தம். அப்புறம் மிஸ்டு கால் வந்தது. ஒரு ரிங் விட்டு வைத்தால் வீட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டேன். இரண்டு ரிங் என்றால் வாசலில் நிற்கிறேன், கீழே வா. மூன்று என்றால் நீ கூப்பிடு, என்னிடம் காசில்லை. மறைமலை நகரில் வேலை முடித்து மின்சார ரயில் ஏறியவர் தாம்பரத்தில் இறங்கியதும் ஒரு ரிங் விடுவார், வீட்டில் தோசைக்கல் அடுப்பில் ஏறும். ஒரு பைசா செலவில்லாமல் ஒரு வாக்கியம் போய்ச் சேர்ந்துவிட்டது. பிரித்தால் பொருள் தராத சொல்லைப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் தனித்தனிப் பொருள் கொடுத்து, அதை வீட்டுக்கு வீடு வேறு அகராதியாக வைத்துக்கொண்டவர்கள் நம் அம்மா அப்பாக்கள்.

அதற்கான காரணம் இலக்கணத்தில் இல்லை, கட்டணத்தில் இருந்தது. இந்தியாவின் முதல் செல்போன் அழைப்பு 1995 ஜூலை 31 அன்று கல்கத்தாவிலிருந்து போனது. அதே வருடம் சென்னையில் ஸ்கைசெல், ஆர்பிஜி என்று இரண்டு கம்பெனிகள் சேவையைத் தொடங்கின. ஆரம்பத்தில் நிமிடத்துக்கு 16 ரூபாய்வரை கட்டணம். கூப்பிடுகிறவருக்கு மட்டும் அல்ல, எடுக்கிறவருக்கும் காசு. 2003 மே மாதம்தான் கூப்பிடுகிறவரே கொடுக்கட்டும் என்ற முறை வந்தது. அதுவரை போன் அடித்தால் எடுப்பதற்குப் பயந்தார்கள். அதற்குப் பின்னும் கூப்பிடுவதற்குப் பயந்தார்கள்.

இந்தக் கணக்கு கம்பெனிகளுக்கும் தெரியும். 2019இல் ஒரு வேடிக்கையான சண்டை நடந்தது. ஒரு கம்பெனி வாடிக்கையாளர் இன்னொரு கம்பெனி வாடிக்கையாளரைக் கூப்பிட்டால், முதல் கம்பெனி இரண்டாவதற்கு நிமிடத்துக்கு 6 பைசா கொடுக்க வேண்டியிருந்தது. ஜியோ தன் பக்கத்திலிருந்து போகும் அழைப்புகளின் மணி நேரத்தைச் சுமார் 20 நொடியாகக் குறைத்தது. எடுப்பதற்குள் நின்றுவிடும், பார்த்தவர் திருப்பிக் கூப்பிடுவார், 6 பைசா திசை மாறிவிடும். ஏர்டெல்லும் வோடஃபோன் ஐடியாவும் பதிலுக்கு 25 நொடியாகக் குறைத்தன. கடைசியில் அந்த நவம்பரில் டிராய் தலையிட்டு, செல்போன் 30 நொடி, லேண்ட்லைன் 60 நொடி அடித்தாக வேண்டும் என்று உத்தரவு போட்டது. மூட்டுவலியோடு சமையலறையிலிருந்து நடந்து வருகிற ஒருவருக்கு 10 நொடி எவ்வளவு பெரியது என்பது இந்த 6 பைசா சண்டையில் யாருக்கும் ஞாபகம் வந்ததாகத் தெரியவில்லை.

*

செல்போனில் மணி இல்லை. கிண்ணம் இல்லை, சுத்தியல் இல்லை. அதற்கு முன்பே பட்டன் போன்களில் அவை போய் ‘ட்ரூரூரூ’ என்று ஒரு சத்தம் வந்திருந்தது. ‘ர்’ இருந்தது, ‘ங்’ போய்விட்டது. உலோகம் போனதும் மூக்கொலியும் போயிற்று.

அப்புறம் சத்தமே ஆளுக்கு ஆள் வேறாகிவிட்டது. தாம்பரத்திலிருந்து மேற்கே போனால் ஸ்ரீபெரும்புதூர். அங்கே நோக்கியா தொழிற்சாலை 2006இல் உற்பத்தியைத் தொடங்கி 2014 நவம்பரில் மூடப்படும்வரை, பெரும்பாலும் இளம்பெண்களின் கைகள் கோடிக்கணக்கான போன்களைக் கோத்து அனுப்பின. அந்தப் போன்களின் அடையாள இசை, ஸ்பெயின் நாட்டு கிதார் கலைஞர் பிரான்சிஸ்கோ தாரெகா 1902இல் எழுதிய ஒரு வால்ட்ஸின் துண்டு. குறுஞ்செய்தி வந்தால் ‘டிட்டிட்டி டீ டீ டிட்டிட்டி’ என்று கேட்குமே, அது மோர்ஸ் குறியீட்டில் எஸ், எம், எஸ். இந்தியாவில் தந்தி சேவை 2013 ஜூலை 14 இரவோடு நிறுத்தப்பட்டது. அதுவரை தந்தியே பார்த்திராத பிள்ளைகளின் சட்டைப்பையில் தந்தியின் மொழி அடித்துக்கொண்டிருந்தது.

இவ்வளவு சத்தம் வந்ததே, இவற்றில் ஒன்றுக்காவது தமிழில் ஒரு சொல் வந்ததா? மேலே நான் எழுதிய ‘டிட்டிட்டி’ நானாகச் செய்தது, ஆளுக்கொரு விதமாக எழுதுவார்கள். ஊரே ஒத்துக்கொண்ட சொல் இல்லை. தாம்பரம் மார்க்கெட் பக்கம் கடைகளில் பத்து ரூபாய்க்கு ரிங்டோன் ஏற்றிக் கொடுத்தார்கள். ஒருவருக்கு முருகன் பாட்டு, ஒருவருக்குக் குழந்தைச் சிரிப்பு, ஒருவருக்கு விஜய், ஒருவருக்கு அஜித். அடிக்கிறது யாருடைய போன் என்று தெரிந்துகொள்வதற்கு அது வசதிதான். ஆனால் ஆயிரம் பேருக்கு ஆயிரம் சத்தம் என்றான பிறகு ‘என’ என்ற கதவு வழியாக எதை உள்ளே விடுவது? எனவே ஆங்கிலச் சொல்லை அப்படியே எடுத்துக்கொண்டோம். கூப்பிடுகிறவர் பக்கம் ‘ரிங் போகுது’, எடுப்பவர் பக்கம் ‘ரிங் வருது’. ஒலியை விட்டுவிட்டு ஒலியின் பெயரை வைத்துக்கொண்டோம்.

ஒரே ஒரு முறை மட்டும் போனில் எல்லோரும் ஒரே சத்தத்தைக் கேட்டோம். 2020 மார்ச். யாரைக் கூப்பிட்டாலும் ரிங்குக்கு முன்னால் ஒரு இருமல் கேட்டது. அதற்குப் பின்னால் கொரோனா எச்சரிக்கை. கூப்பிடுகிறவர் காதில் விழுவது எப்போதுமே அந்தப் பக்கத்து மணி அல்ல, நெட்வொர்க் உருவாக்கிக் கொடுக்கும் ஒலி என்பது எனக்குத் தெரியும். என் சித்திக்குத் தெரியாது. குரோம்பேட்டையில் இருக்கும் தன் நாத்தனாரைக் கூப்பிட்டவர், இருமலைக் கேட்டதும் பதறிக் கட் பண்ணிவிட்டு எனக்குப் போன் செய்தார். அதிலும் அதே இருமல். ‘டேய், அவளும் லொக்கு லொக்குன்னு இருமறா, நீயும் இருமறியே!’

லொக் லொக். இந்த முறை புதுச்சொல் எதுவும் தேவைப்படவில்லை. ல-வில் தமிழ்ச்சொல் தொடங்காது என்ற விதியை மீறி எப்போதோ நாம் செய்து வைத்திருந்த சொல் அது. அதுவும் எங்கள் பகுதியில் இந்தச் சத்தத்துக்கு வேறு ஒரு வயது உண்டு. 1928இல் டாக்டர் சௌரிமுத்து தாம்பரத்தில் காசநோயாளிகளுக்காக ஒரு சானடோரியம் தொடங்கினார், 1937இல் அரசாங்கம் அதை எடுத்துக்கொண்டது. இன்றும் அந்த ரயில் நிலையத்தின் பெயர் தாம்பரம் சானடோரியம்தான். ரயிலில் ஏறுகிற ஐ.டி. பையன்கள் அதை வெறும் இடப்பெயராகச் சொல்வார்கள். என் பாட்டி தலைமுறை அந்த ஸ்டேஷன் வந்தால் முந்தானையை மூக்கில் வைத்துக்கொள்ளும். சித்தி போனில் கேட்டதை அவர்கள் ஜன்னல் வழியாகக் கேட்டிருக்கிறார்கள், அல்லது கேட்டதாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். கொஞ்ச நாளில் இருமலை எடுத்துவிட்டு வெறும் பேச்சு மட்டும் வைத்தார்கள். ஆனால் அந்த வருடம் முழுக்க, ரிங் போவதற்கு முந்தைய அந்த ஒரு நொடியில் சித்தி போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளித்தான் பிடித்திருப்பார்.

இப்போது காலை எட்டு மணி கடற்கரை ரயிலில் ஏறினால் ஒரு பெட்டியில் முந்நூறு போன் இருக்கும். மணிச் சத்தம் ஒன்றுகூடக் கேட்காது. எல்லாம் சைலண்ட், எல்லோர் காதிலும் இயர்போன். தொல்காப்பியரின் பட்டியலில் போன் ‘இசை’யிலிருந்து நகர்ந்து ‘குறிப்பு’க்குப் போய்விட்டது. தொடையில் உர்ரென்று ஒரு அதிர்வு, அவ்வளவுதான். சில சமயம் அதுவும் பிரமை, எடுத்துப் பார்த்தால் யாரும் கூப்பிட்டிருக்க மாட்டார்கள். ஸ்டேஷன் வாசல் டீக்கடையில் பணம் வந்ததும் ஒலிபெருக்கிப் பெட்டி ‘இருபது ரூபாய் பெறப்பட்டது’ என்று சுத்தமான தமிழில் சொல்கிறது. அதற்கு ஒலிக்குறிப்பே தேவையில்லை, ‘ன்னு’ போட வேண்டிய வேலையும் இல்லை.

போன வாரம் பல்லாவரம் தாண்டும்போது எதிர் இருக்கைப் பெண்ணின் கைப்பையிலிருந்து ஒரு சத்தம் கேட்டது. சுற்றி இருந்த நாலைந்து பேர் ஒரே நேரத்தில் நிமிர்ந்து பார்த்தோம். அவர் பையைத் திறந்தார். வைப்ரேஷனில் இருந்த போன், எவர்சில்வர் டிபன் பாக்ஸின் மூடிமேல் சரிந்து கிடந்தது. ட்ர்ர்ங் ட்ர்ர்ங் என்று அடித்துக்கொண்டிருந்தது. எடுத்து, ‘ஏறிட்டம்மா, சாப்ட்டேன்’ என்றார்.